கறுப்புத் தலைவன்

சென்ற ஆண்டு பள்ளி விழாவுக்கு நாடகம் ஒன்று வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டனர், நாமும் இசைந்தோம். பாண்டிய மன்னன் ஒருவன், புலவர் ஒருவர், காவலர் இருவர், கள்வன் ஒருவன். இவ்வளவே பாத்திரங்கள். வரிசையில் நின்ற பிள்ளைகளை ஒரு நோக்கு நோக்கினோம். நீ மன்னன், நீ புலவர், நீங்கள் இருவரும் காவலர், நீ கள்வன் என்று விரலை நீட்டினோம். ஒரு நிமிடத்தில் முடிந்த வேலை! மூன்றாம் நாள் ஒத்திகையின்போதுதான் கண்டோம். மன்னனாக நின்றவன் வகுப்பிலேயே வெளுத்த மேனியன். கள்வனாக நின்றவன் வகுப்பிலேயே கறுத்தவன். குரலில் வல்லவன், மனப்பாடத்தில் வல்லவன், தமிழை உச்சரிப்பதில் வல்லவன் அந்தக் கறுத்த பிள்ளைதான். மன்னனோ மூன்று வரியை முப்பது முறை சொல்லியும் தடுமாறினான். அப்படித் தேர்ந்தெடுக்கும்படி நமக்கு யார் சொன்னார்? எவரும் சொல்லவில்லை. கறுப்பும் அழகே என்று மேடையில் பேசிய வாய் நம்முடையது. கள்வன் என்று சுட்டிய விரலும் நம்முடையதே! அறிவைக் கேளாமல் கண் தேர்ந்தெடுத்துவிட்டது. அந்தக் கண்ணைப் பழக்கிய ஆசான் யார் என்று எண்ணிப் பார்த்தோம். வேறு யார்? வெள்ளித்திரை!

இந்த உறுத்தலோடுதான் "ஜிகர்தண்டா டபுள் எக்ஸ்" என்னும் படத்தை அண்மையில் மறுபடியும் பார்த்தோம். கார்த்திக் சுப்பராஜ் எழுதி இயக்கியது. 2023 நவம்பர் 10ஆம் நாள், தீபாவளியை ஒட்டி வெளிவந்தது. அசுரன் ஒருவன் வீழ்ந்தான் என்று எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளை ஒட்டி, கறுத்த மேனியன் ஒருவன் தலைவனாகும் கதை கொட்டகைக்கு வந்தது! வேண்டுமென்றே பொருத்தினார்களோ, வெறும் வாணிபக் கணக்கோ, பொருத்தம் பொருத்தந்தான். வெளிவந்த காலத்தில் வத்திராயிருப்பிலிருந்து நண்பர்களோடு பேருந்தேறிப் போய்ப் பார்த்தபோது, சீழ்க்கைக்கும் கைதட்டலுக்கும் நடுவே மீசையும் துப்பாக்கியும் பெல்பாட்டமுமே கண்ணில் நின்றன. இரண்டாம் முறை, ஆரவாரம் இல்லாத அறையில் பார்த்தபோது, மினுக்குக்கு அடியிலே கிடந்த கேள்வி மேலெழுந்து வந்தது. திரையில் நிற்கும் உரிமை யாருக்கு? திரையில் நிற்பதற்கு அவன் கொடுக்க வேண்டிய விலை என்ன?

கதையை அறியாதார் பொருட்டுச் சுருங்கச் சொல்வோம். காலம் 1970களின் நடுப்பகுதி. களம் மதுரையும் மேற்கு மலைக் காடும். மதுரையில் அல்லியஸ் சீசர் என்றொரு ரவுடி. அமைச்சர் ஒருவருக்கு ஏவலாள். அடியும் வெட்டும் அவன் தொழில். அமெரிக்க நடிகர் கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் படங்கள் அவன் வழிபாடு. அவனைக் கொல்ல அனுப்பப்படுகிறான் கிருபாகரன் என்னும் கிருபை. காவல்துறையிலே துணை ஆய்வாளராக வேண்டியவன். குருதியைக் கண்டாலே நடுங்குபவன். செய்யாத கொலைக்குச் சிறை புகுந்தவன். சீசரைத் தீர்த்துவிட்டால் விடுதலையும் உண்டு, வேலையும் உண்டு என்கிறான் காவல் அதிகாரி ஒருவன். சீசருக்கோ வேறொரு வெறி. அரசியலில் இறங்கிய நட்சத்திர நடிகன் ஒருவன் தன் நிறத்தைப் பழித்துவிட்டான் என்பதற்காகத் தானே கதைத் தலைவனாகத் துடிக்கிறான். தன்னை வைத்துப் படமெடுக்க ஓர் இயக்குநரைத் தேடுகிறான். சத்யஜித் ரேயின் மாணவன், பெயர் ரே தாசன் என்று பொய் சொல்லிக்கொண்டு கிருபை உள்ளே நுழைகிறான். படம் பிடிப்பவனாக வந்திருப்பவன் கொல்ல வந்தவன். கொன்று பழகியவனோ படத்துக்காக முகத்தைக் காட்டி நிற்கிறான்! பிற்பகுதியில் கதை காட்டுக்குள் புகுகிறது. யானைத் தந்தம் கடத்தும் வேட்டைக்காரன், அவனைத் தேடும் சாக்கில் மலைமக்களை வதைக்கும் காவல்படை, அந்த மலைமக்களிடையே பிறந்து நகரத்துக்குப் போன சீசர், அவன் மனைவி மலையரசி. ஈற்றில் அரசே ஏவிய துப்பாக்கிகள் அம்மக்களைச் சுட்டு வீழ்த்துகின்றன. கிருபையின் கருவி அதைப் பதிந்துகொள்கிறது. பதிந்தது மக்கள் முன்னிலையில் திரையிடப்படுகிறது.

சீசருக்குக் காட்டுப் பெயர் அல்லியன். தமிழாசிரியர் என்ற முறையில் இந்தச் சொல்லின்முன் சற்றே நின்றோம். கூட்டத்தைப் பிரிந்து தனித்துத் திரியும் யானைக்கு அல்லியன் என்று பெயர். அழகான பழஞ்சொல், அகராதியில் உறங்கிக் கிடந்தது. அதை ஒரு வணிகப் படம் எடுத்துத் தூசு தட்டிக் கோடிப்பேர் காதில் போட்டிருக்கிறது. அல்லியனை அல்லியஸ் ஆக்கி, அதன் வாலிலே உரோமாபுரிச் சீசரைக் கட்டியதில்தான் அவன் வாழ்வின் சிக்கல் முழுவதும் அடங்கியிருக்கிறது. காட்டுப் பெயரை நகரம் ஏற்காது. ஆகவே வெள்ளைக்காரச் சாயம் பூசிக்கொண்டான்.

பழங்காலத்து ரவுடிக் கதைகள் நம் படவுலகுக்குப் புதியன அல்ல. 1987இல் "நாயகன்" வந்தது. 1980ஆம் ஆண்டு மதுரையைக் கண்முன் நிறுத்திய "சுப்ரமணியபுரம்" 2008இல் வந்தது. "வட சென்னை" 2018இல் வந்தது. இவற்றிலெல்லாம் ரவுடி நிலத்துக்காகவோ நட்புக்காகவோ பழிக்காகவோ கத்தியெடுப்பான். திரையில் தோன்றுவதற்காகக் கத்தியைக் கீழே வைக்கும் ரவுடியைக் கொணர்ந்தது இதே இயக்குநரின் முந்தைய "ஜிகர்தண்டா", 2014இல் வந்தது. அதிலே கொடியவனாகிய சேது நடிகனாகிறான். கொட்டகையே அவனைக் கண்டு சிரிக்கிறது. அந்தச் சிரிப்புத் தண்டனையாகிறது. அப்பாத்திரத்துக்காகப் பாபி சிம்காவுக்குத் தேசிய விருதும் கிடைத்தது. இரண்டாம் படத்திலோ கொட்டகை அழுகிறது. சிரித்த கொட்டகையை அழவைக்க ஒன்பது ஆண்டுகளில் என்ன மாறிற்று? முதற்படத்து ரவுடி தன்னைப் பற்றிப் படமெடுத்துக்கொண்டான். இரண்டாம் படத்து ரவுடி தன்னைப் பற்றி எடுக்கத் தொடங்கித் தன் மக்களைப் பற்றி எடுத்து முடிக்கிறான்.

நடிகர்களைப் பற்றிப் பேசாமல் இப்படத்தைப் பேசுவது உப்பில்லாப் பண்டம். ஒருவரை நட்டுவைத்து ஏனையோரை அவருக்கு வேலியாக்கும் வழக்கம் நம் படவுலகில் வேரூன்றியது. இங்கே அவ்வழக்கம் பெரும்பாலும் கைவிடப்பட்டிருக்கிறது.

சீசராக வருபவர் ராகவா லாரன்சு. கூட்டநடனத்தில் முகந்தெரியாத ஒருவராக நின்று ஆடி, நடன ஆசிரியராகி, பிறகு "முனி", "காஞ்சனா" என்று பேய்ப்படங்களில் பெயர் பெற்றவர். அவரிடம் கத்தலும் குதித்தலும் மிகுதி என்பது நம் பழைய எண்ணம். இப்படத்தில் அவரைக் கட்டிப்போட்டிருக்கிறார் இயக்குநர். நகரத்துச் சீசராக இருக்கும்வரை கைகால் அசைவெல்லாம் கடன் வாங்கியவை, ஈஸ்ட்வுட்டிடமிருந்து. காட்டுக்குள் போனபின் ஒவ்வொன்றாக உதிர்கின்றன. ஈற்றிலே நிற்பவனிடம் கடன் ஏதுமில்லை. யானையின் எதிரே அவர் நிற்கும் நிலை ஒன்று போதும். இத்தனை ஆண்டு இவரைப் பேய்க்கு நேர்ந்துவிட்டிருந்தோமே என்று வருந்தவைக்கும்.

கிருபையாக வருபவர் எசு. சே. சூர்யா. நமக்கு அயலூராகிய வாசுதேவநல்லூர்ப் பக்கத்தவர் என்பதில் ஒரு சிறு பெருமை, அதை மறைப்பானேன்? 1999இல் "வாலி", மறு ஆண்டே "குஷி" என்று இயக்குநராக வெற்றி கண்டவர். நடிகராக அவரை நாடு மதிக்கத் தொடங்கியது "இறைவி"க்குப் பின்னரே. இதே 2023இல் "மார்க் ஆண்டனி"யில் கூரை பிய்யும்படி கத்தி ஆர்ப்பரித்தவர், இங்கே அச்சத்தை நடித்திருக்கிறார். அச்சத்தை நடிப்பது அரிது. கோழைத்தனத்தை நகைச்சுவையாக்கிவிடுவது எளிது. அவர் இரண்டுக்கும் நடுவே கயிற்றில் நடக்கிறார். பொய்யாகக் கருவியைப் பிடித்த கை எந்தக் கணத்தில் மெய்யாகப் பிடிக்கத் தொடங்குகிறது என்று நம்மால் சுட்டிச் சொல்ல முடியவில்லை. குருதியைக் காண மாட்டாதவன், கடைசியில் குருதியிலிருந்து கருவியின் கண்ணை விலக்க மாட்டாதவனாகிறான்.

மலையரசியாக நிமிஷா சஜயன். மும்பையில் வளர்ந்த மலையாள நடிகை. அடுக்களையில் தேயும் பெண்ணின் கதையாகிய "தி கிரேட் இந்தியன் கிச்சன்" என்ற மலையாளப் படத்தில் 2021இல் நம் நெஞ்சைச் சுட்டவர். இப்படத்தில் அவர் வரும் காட்சிகள் குறைவு. வரும்போதெல்லாம் திரையின் வெப்பம் ஏறுகிறது. ரவுடியைக் கண்டு ஊரே ஒடுங்கும்போது, அவனை ஏசவும் இடிக்கவும் உரிமை பெற்ற ஒரே ஆள் அவள். நம் படங்களில் ரவுடியின் மனைவி என்றால் ஒன்று அழுவாள், இல்லையேல் தாலியைத் தூக்கிக் காட்டுவாள். மலையரசி இரண்டும் செய்யவில்லை, கணக்குக் கேட்கிறாள். மேலும் இரண்டு காட்சி கொடுத்திருந்தால் படம் எங்கோ போயிருக்கும்.

ஏனையோரை விரைந்து சொல்வோம். காவல் அதிகாரியாக நவீன் சந்திரா சிரிக்காமலே சிரிக்கும் கொடுமை. நட்சத்திர நடிகனாக மலையாளத்து ஷைன் டாம் சாக்கோ. அளவாகக் கேலி செய்கிறார். அமைச்சராக இளவரசு. ஒளிப்பதிவாளராய்க் கருவிக்குப் பின்னே நின்றவர், கருவிக்கு முன்னே வந்து பதவிப் பசியை எவ்வளவு எளிதாகக் காட்டுகிறார்! வேட்டைக்காரனாக விது; உடன்வரும் தோழனாகச் சத்யன். முதலமைச்சராக வருபவர் கூடியாட்டக் கலைஞர் கபிலா வேணு. விழியாலேயே ஒரு காவியம் நடத்தும் மரபில் வந்தவரை நாற்காலியில் உட்காரவைத்துக் கட்டளை மட்டும் சொல்லச் செய்திருக்கிறார்கள். கொலைக் கட்டளை அந்த விழியிலிருந்தே பிறப்பதால் குறையொன்றும் தெரியவில்லை. சந்தோஷ் நாராயணனின் இசை மதுரைத் தெருவில் ஆடுகிறது, காட்டிலே மூச்சு விடுகிறது. ஒளிப்பதிவு திரு. அவரைப் பற்றிச் சற்றே விரித்துச் சொல்ல வேண்டும். ஏனெனில் கறுப்பு முகத்தைப் படம் பிடிப்பது என்பது வெறும் தொழில் அன்று, அதற்கும் ஓர் அரசியல் உண்டு.

வண்ணப் படச்சுருள் செய்த கோடாக் நிறுவனம், நிறம் சரியாக விழுகிறதா என்று ஒத்துப் பார்க்கக் கழுவு நிலையங்களுக்கு ஓர் அட்டை அனுப்பும். அதிலே ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். ஷெர்லி அட்டை என்பார்கள். அவள் தோல் சரியாக விழுந்தால் உலகமே சரி! கறுத்தவர் முகமோ கண்ணும் பல்லும் மட்டும் தெரியும் இருட்டாக விழும். இது பல்லாண்டு நீடித்தது. பின்பு திருத்தினார்கள். கறுத்த மக்களின் குறைகேட்டு உருகிவிட்டார்களா? மரச்சாமான் வணிகரும் சாக்லேட் வணிகரும் தம் பண்டத்தின் பழுப்பு நிறம் விளம்பரத்தில் சரியாக விழவில்லையே என்று முறையிட்டதும் திருத்தத்துக்கு ஒரு காரணம் என்று ஆய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். நாற்காலிக்குக் கிடைத்த நீதி மனிதனுக்கு அதன்பின் கிடைத்தது! ஆக, 1970களில் சீசர் ஒருவன் உண்மையாகவே இருந்து படக்கருவிக்கு முன் நின்றிருந்தால், அவனை இகழ ஒரு நடிகன் வேண்டியதில்லை, படச்சுருளே இகழ்ந்திருக்கும். இன்று திருவின் ஒளிப்பதிவில் அந்தக் கறுப்பு பல கறுப்பாக விரிகிறது: கொட்டகை இருளில் நீலங்கலந்த கறுப்பு, தீயொளியில் செம்புக் கறுப்பு, மலைவெயிலில் மின்னும் ஈரக் கறுப்பு. முகத்தை வெளுப்பாக்கிக் காட்டும் கருணை எங்கும் இல்லை.

சீசரின் வேட்கை தமிழ்ப் படவுலகின் முதல் கறுப்புத் தலைவனாவது. கதை நடக்கும் அதே 1975ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில்தான் "அபூர்வ ராகங்கள்" படத்தில் ரஜினிகாந்த் கதவைத் திறந்துகொண்டு வந்தார் என்பதை அறிந்தோர் இவ்விடத்தில் புன்னகைப்பர். 1979இல் மதுரை மண்ணிலிருந்து விசயகாந்த் வந்தார். அவர் 2023 திசம்பரில் மறைந்தார். இப்படம் வந்து ஏழு கிழமை கூட ஆகவில்லை. அதற்கு முன்னே யார் இருந்தார்? 1964இல் "சர்வர் சுந்தரம்" வந்தது. நாகேசு தலைவன், பரிமாறுபவன் நடிகனாகப் புகழடைகிறான். ஆனால் அவன் விரும்பிய பெண் அவனுக்கில்லை! அழகில்லாதவனுக்குப் புகழ் உண்டு, காதல் இல்லை என்று அன்றே எல்லை வகுத்தாயிற்று.

இங்கே நம் பக்கத்தையும் திறந்து காட்ட வேண்டும். "வேலைக்காரி" 1949இல் வந்தது, "பராசக்தி" 1952இல் வந்தது. நாடகத்தையும் திரையையும் சீர்திருத்தத்தின் படைக்கலமாக்கிய பெருமை நம் இயக்கத்துக்கு உண்டு. மறுப்பார் இல்லை. ஆனால் கறுப்பைச் சட்டையில் அணிந்த நாம், திரையிலே அணிந்தோமா? நாம் தோள்மீது தூக்கிய திரைத் தலைவர்களின் மேனி நிறத்தைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தவர்கள் யார்? பொன் போன்ற மேனி என்று ஏழை மூதாட்டியர் வியந்தபோது அதை வாக்காக எண்ணிக் களித்தவர்கள் யார்? கறுத்தவர்க்கு நகைச்சுவையும் கொடுமையும் என்று ஒதுக்கியபோது நாம் எழுதிய கண்டனக் கட்டுரை எத்தனை? "ரத்தக்கண்ணீ"ரில் 1954இல் எம். ஆர். ராதா ஒருவர் அந்த வேலியை எட்டி உதைத்தார், அதுவும் தொழுநோயாளியின் உருவில். நம் பள்ளி நாடகத்தில் நீண்ட விரல் திடீரென்று முளைத்ததன்று. எழுபது ஆண்டு வளர்ந்த விரல்.

இனிக் குறைகள்.

முதற்பாதி நீளம். ஏறத்தாழ மூன்று மணிநேரப் படத்தில் ரவுடியின் வீரத்தை நிலைநாட்டவே ஒரு மணிநேரம் கரைகிறது. வெட்டும்போது கைதட்டவும், பிறகு வெட்டுப்பட்டவனுக்காக அழவும் ஒரே கூட்டத்தைக் கேட்பது பேராசை. நம் மாணவர் சிலர் படம் வந்த புதிதில் பேனாவைத் துப்பாக்கியாக நீட்டிக்கொண்டு திரிந்தனர். ஒருவனும் கருவியைப் பிடிப்பதுபோல் கையைக் குவிக்கவில்லை. மினுக்கு வென்ற இடம் அது.

இரண்டாவது, காலம். சட்டைக் காலரும் கிருதாவும் சுவரொட்டியும் 1975ஐச் சொல்கின்றன. அரசியல் மட்டும் எந்த ஆண்டிலும் இல்லை. அந்த ஆண்டு சூன் 25ஆம் நாள் நாட்டில் நெருக்கடி நிலை வந்தது. மறு ஆண்டு சனவரி 31ஆம் நாள் தமிழ்நாட்டு அரசே கலைக்கப்பட்டது. இதழ்களுக்குத் தணிக்கை; பேசியவர்க்குச் சிறை. ஒரு படச்சுருள் அரசை அம்பலப்படுத்தும் கதைக்கு இதைவிடப் பொருத்தமான காலம் ஏது? அதை விட்டுவிட்டு, அந்நாளில் இல்லாத ஒரு பெண் முதலமைச்சரைக் கற்பனை செய்து, கொடுமை முழுவதையும் அவர் தலையில் சுமத்தியிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் பெண் ஒருவர் முதலமைச்சரானது 1988இல்தான். கட்சிப் பெயர் இல்லை, கொள்கை இல்லை, கோப்பு இல்லை; ஓர் அம்மையாரின் கண்ணசைவு மட்டும். யாரும் வழக்குத் தொடுக்க மாட்டார்கள் என்பது தவிர இதனால் விளைந்த நன்மை யாது? பழைய ஆடை உடுத்தினால் மட்டும் பழங்காலம் ஆகிவிடாது.

இன்னொரு சிறு மறதி. துப்பாக்கியேந்தித் திரியும் மேலைநாட்டுப் பாணிப் படம் அந்நாளைய தமிழுக்குப் புதிதன்று. இயக்குநர் கர்ணன் ஜெய்சங்கரை வைத்து "கங்கா", "ஜக்கம்மா" என்று 1972லேயே எடுத்துக் காட்டிவிட்டார். அவருக்கு ஒரு வணக்கமாவது சொல்லியிருக்கலாம். போற்றப்படும் ஈஸ்ட்வுட்டுமே 1990இல் ஒரு படம் எடுத்தார்: படமெடுக்க ஆப்பிரிக்கா சென்ற இயக்குநர் ஒருவர், படத்தை மறந்து யானையைச் சுடும் வெறிகொண்டு அழிவைத் தேடிய கதை. "ஒயிட் ஹண்டர் பிளாக் ஹார்ட்" என்பது அதன் பெயர். வெள்ளை இயக்குநர் கருவியை விட்டுத் துப்பாக்கியை எடுத்தார். நம் சீசர் துப்பாக்கியை விட்டுக் கருவியைத் தேடினான். மாணவன் ஆசானை வென்ற இடம் இதுதான்.

மூன்றாவது குறை பெரிது. அதைச் சொல்லவே இக்கட்டுரை எழுதினோம். படத்தின் ஈற்றில் மலைமக்கள் ஓடவில்லை, நிற்கிறார்கள், சாகிறார்கள். கருவி சுழல்கிறது. அதைக் கண்ட நாடு கொதித்தெழுகிறது. பார்க்கும்போது தொண்டை அடைத்தது உண்மை. வீட்டுக்குத் திரும்பியபின் உறக்கம் வராததும் உண்மை. ஆனால் உறக்கம் வராத இரவில் நினைவுக்கு வந்தது வேறோர் ஊர்.

தருமபுரி மாவட்டம், அரூர் வட்டம், வாச்சாத்தி. 1992 சூன் 20. சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் சேர்ந்து அந்தப் பழங்குடிச் சிற்றூருக்குள் புகுந்தன. அடித்தார்கள், வீடுகளைச் சிதைத்தார்கள், 18 பெண்களைக் கெடுத்தார்கள். அங்கே கருவி இல்லை. ரே தாசன் இல்லை. இருந்ததெல்லாம் அந்தப் பெண்களின் வாய்ச்சொல். அந்தச் சொல்லை அவர்கள் ஒருநாள் இருநாள் அன்று, ஆண்டாண்டாகத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். மிரட்டியவரிடமும் சொன்னார்கள், நம்பாதவரிடமும் சொன்னார்கள். குற்றஞ்சாட்டப்பட்டவர் 269 பேர். வழக்கு முடியுமுன் இறந்தவர் 54 பேர். மீந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது. மேல்முறையீடுகளைத் தள்ளிச் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்த நாள் 2023 செப்டம்பர் 29. இப்படம் வெளிவருவதற்கு ஆறு கிழமை முன்பு!

திரையிலே படச்சுருள் ஒரே இரவில் செய்ததை, வாச்சாத்தியின் பெண்கள் முப்பத்தோராண்டு நடந்து செய்தார்கள். கலையால் எதுவும் ஆகாது என்று நாம் சொல்ல வரவில்லை; அப்படிச் சொன்னால் நாம் வளர்ந்த பள்ளியையே மறுப்பதாகும். படம் வேறொன்றைச் சொல்லாமல் சொல்கிறது: மலைமக்கள் செத்தால்தான் நாம் பார்ப்போம் என்கிறது. உயிரோடு நின்று வழக்காடும் மலைமகளை எந்தக் கருவி பார்த்தது? "பராசக்தி"யில் குற்றவாளிக் கூண்டில் நின்றவன் பேசினான். கொட்டகை அவன் வாயைப் பார்த்தது. இங்கே கொட்டகை உடலைப் பார்க்கிறது. படம் முடிந்தபின் மலைமக்களுள் பெயர் சொல்லி நினைக்க நமக்கு ஒருத்திதான் இருக்கிறாள், மலையரசி. மற்றவர் எல்லாரும் கூட்டம். கறுப்பு மனிதனைத் தலைவனாக்கத் துணிந்த படம், அவன் கூட்டத்தாருக்குப் பெயர் வைக்கத் துணியவில்லை.

வத்திராயிருப்பில் வாழ்கிற நமக்கு இது ஏட்டுச் செய்தியன்று. தெருமுனையில் நின்றால் மேற்கே மலை. அந்த மலையில் 1988இல் சாம்பல் நிற அணிலுக்குச் சரணாலயம் அமைந்தது. 2021இல் திருவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம் அமைந்தது. அணிலுக்கும் புலிக்கும் அரசாணை வேண்டுவதே. யார் வேண்டாம் என்றார்? மலைக்கு அப்பால் பெரியாற்றுக் காட்டிலே தந்தத்துக்காகக் கொம்பன்களைக் கொன்று கொன்று, 1980களின் முடிவில் நூறு பெண்யானைக்கு ஓர் ஆண்யானைகூட இல்லை என்ற நிலை வந்ததை ஆய்வாளர் எழுதியிருக்கிறார்கள். படத்தில் வரும் வேட்டைக்காரன் கற்பனை; அந்தத் துப்பாக்கி கற்பனையன்று. ஆனால் அணிலுக்கும் புலிக்கும் யானைக்கும் நடுவே தலைமுறை தலைமுறையாகத் தேனெடுத்து வாழ்ந்த பளியருக்குக் காட்டின்மீது உரிமை உண்டு என்று நாடாளுமன்றம் சட்டம் செய்தது 2006இல்தான். அதுவரை, பிறந்த காட்டிலேயே அவர்கள் அத்துமீறியவர்கள்!

தாணிப்பாறை அடிவாரத்துப் பளியர் குடியிருப்பிலிருந்து படிக்க வந்த பிள்ளை ஒருவனிடம், ஒரு மாலை, இந்தப் படத்தைப் பார்த்தாயா என்று கேட்டோம். அண்ணனின் கைப்பேசியில் பார்த்தேன் ஐயா என்றான். எப்படி இருந்தது என்றோம். சீசரைப் பற்றி ஏதேனும் சொல்வான், சுடப்பட்டவர்களைப் பற்றிக் கேட்பான் என்று நாம் மனத்துக்குள்ளே மறுமொழி தேடிக்கொண்டிருந்தோம். அவன் அவற்றுள் எதையும் கேட்கவில்லை. "அந்த ஆனை நெசமான ஆனை இல்லையே ஐயா, நடை வேற மாதிரி இருக்கே" என்றான். யானைக் காட்சிகளிற் பல கணினியின் கைவேலைதான் என்றோம். அப்படியானால் நிசமான யானை எப்படி நடக்கும் என்று கேட்டோம். அவன் பையைக் கீழே வைத்துவிட்டு, வராந்தாவில் நடந்து காட்டத் தொடங்கினான்.